ஒரே கிருமி, இருவேறு தீர்ப்பு

1986-ஆம் ஆண்டு சென்னையில் மருத்துவர்கள் சுனிதி சாலமன், செல்லப்பன் நிர்மலா ஆகியோரின் முயற்சியால், இந்தியாவில் முதன்முறையாக எச்.ஐ.வி. தொற்று கண்டறியப்பட்டது. தொற்று உறுதியானவர்கள் பாலியல் தொழிலில் இருந்த பெண்கள். அன்றுமுதல் இந்நோயைப் பற்றிப் பேசும்போது பலருடைய மனத்தில் பெண்ணின் முகமே தோன்றுகிறது; அவர்களிடம் சென்றுவந்த ஆண்களின் முகம் தோன்றுவதில்லை.

கருவுற்ற பெண்களுக்கு மருத்துவமனையில் எச்.ஐ.வி. பரிசோதனை செய்கிறார்கள். குழந்தையைக் காக்க இது மிகவும் தேவை. ஆனால் இதனால் குடும்பத்தில் முதலில் தெரியவருவது மனைவியின் நிலைதான். கணவருக்கு முன்பே தொற்று இருந்திருக்கலாம். ஆயினும் முதலில் தெரியவந்தவளே நோயைக் கொண்டுவந்தவள் ஆகிவிடுகிறாள். கணவர் இறந்தால் மகனை விழுங்கியவள் என்ற பழியும் சேர்கிறது. கணவரைத் தவிர வேறு ஆணை அறியாத பெண்ணும் பிள்ளைகளோடு தாய்வீட்டுக்கு அனுப்பப்படுகிறாள், சொத்துரிமையும் மறுக்கப்படுகிறது. இத்தகைய பெண்களே ஒன்றுகூடி, 1998-ஆம் ஆண்டு சென்னையில் 'பாசிட்டிவ் விமன் நெட்வொர்க்' அமைப்பைத் தொடங்கினார்கள்.

ஆண்களின் துன்பம் வேறு வகையானது. 'ஆண்பிள்ளை, ஏதோ தவறிவிட்டான்' என்று குடும்பம் பொறுத்துக்கொள்வதுண்டு. ஆனால் வேலை போய்விடுமோ, மதிப்புக் கெடுமோ என்று அஞ்சி அவர் நோயை மறைக்கிறார். மருத்துவரிடம் செல்லத் தாமதிக்கிறார். 2023-ஆம் ஆண்டு உலக அளவில் தொற்றுள்ள பெண்களில் 83 விழுக்காட்டினர் சிகிச்சை பெற்றனர். ஆண்களில் 72 விழுக்காட்டினரே பெற்றனர். பழி பெண்ணை வீட்டைவிட்டுத் துரத்துகிறது. ஆணை மௌனத்தில் சாகவிடுகிறது.

இன்று இந்நோய்க்கு நல்ல மருந்துகள் உள்ளன. 2004-ஆம் ஆண்டு முதல் நம் நாட்டில் அரசு இவற்றை இலவசமாக வழங்குகிறது. மருந்தைத் தவறாமல் உட்கொண்டு, இரத்தத்தில் கிருமி கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்தால், உடலுறவின் வழியாகவும் அது பிறருக்குப் பரவாது. தொட்டுப் பேசுவதாலும் சேர்ந்து உண்பதாலும் அது ஒருபோதும் பரவுவதில்லை. 2018-ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் நடைமுறையிலுள்ள எச்.ஐ.வி. சட்டம், வேலையிலும் கல்வியிலும் மருத்துவத்திலும் பாகுபாடு காட்டுவதைத் தடைசெய்கிறது.

யோவான் நற்செய்தி 8-ஆம் அதிகாரத்தில், விபசாரத்தில் பிடிபட்டதாக ஒரு பெண்ணை மட்டும் இழுத்து வருகிறார்கள். உடனிருந்த ஆண் எங்கே? அந்தக் கூட்டம் அதைக் கேட்கவில்லை. இன்று சாவு வீட்டுத் திண்ணையில் விதவையைப் பற்றி முணுமுணுக்கும்போது, குருக்களாகிய நாமும் கேளாதவர்போல் கடந்து வந்ததுண்டு. இனி அவள் அருகில் அமர்வோம். நோயை மறைத்து வாழும் சகோதரரிடம், அவர் சொல்வது நம்மைவிட்டு வெளியே போகாது என்ற நம்பிக்கையை அளிப்போம். கல்லைக் கீழே போடுவது நம்மிடமிருந்தே தொடங்கட்டும்.