முதலிடத்துக்கும் மேலே ஓர் இடம்

ஐபிஎல் டேபிள்ல கடைசியா வர்ற டீமுக்கு ‘வுடன் ஸ்பூன்’னு சொல்லிக் கிண்டல் பண்றோம் இல்லையா? அந்தக் கரண்டியின் சொந்த ஊர் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம். அங்கே ‘டிரைபாஸ்’ என்ற கணிதத் தேர்வின் முடிவை செனட் ஹவுஸ் மண்டபத்தில் ரேங்க் வரிசையில் சத்தமாக வாசிப்பார்கள். முதலிடம் பிடித்தவர் ‘சீனியர் ராங்ளர்’. ஊரே கொண்டாடும். பட்டம் வாங்குகிறவர்களில் கடைசி ஆளுக்குக் கூடப் படித்தவர்கள் ஒரு பெரிய மரக்கரண்டியைக் கொடுத்துக் கலாய்ப்பார்கள். ஆக, கடைசி ஆளுக்கும் பட்டியல்ல ஓர் இடம் உண்டு.

பெண்களுக்கு? 1881-லிருந்து அவர்களும் அதே தேர்வை முறைப்படி எழுதலாம். ஆனா பட்டம் கிடையாது. பட்டியலும் தனி. ஆண்களின் பெயர்களை வாசித்து முடித்த பிறகு, இந்தப் பெண் இன்னாருக்கும் இன்னாருக்கும் நடுவுல வருவார்னு சொல்லுவாங்க. அதாவது, அளந்து பார்ப்போம், ஆனா வரிசையில நிக்க விடமாட்டோம்!

1890 ஜூன் 7. நியூன்ஹாம் கல்லூரி மாணவி பிலிப்பா ஃபாசெட்டுக்கு 22 வயது. அம்மா மில்லிசென்ட், பெண்களின் வாக்குரிமைக்காகப் போராடியவர். அப்பா ஹென்றி, கண்பார்வை இழந்த பிறகும் அதே கேம்பிரிட்ஜில் பொருளாதாரப் பேராசிரியராக இருந்தவர். அப்போது உயிரோடு இல்லை.

முதலில் ஆண்கள் பட்டியல். சீனியர் ராங்ளர், பென்னட். அடுத்து பெண்கள். பிலிப்பாவின் பெயரைச் சொல்லிவிட்டு, அவருடைய இடத்தை வாசித்தார்கள்: “சீனியர் ராங்ளருக்கு மேலே.”

மண்டபமே அதிர்ந்தது. பென்னட்டை விட ஏறக்குறைய 13 சதவீதம் அதிக மதிப்பெண். செய்தி நியூயார்க் பத்திரிகை வரைக்கும் போச்சு. ஆனா சீனியர் ராங்ளர் பட்டம் பென்னட்டுக்குத்தான்.

சரி, இதுக்கு அப்புறமாவது மனசு மாறியிருப்பாங்கன்னு நினைச்சீங்கன்னா, இல்லை. 1897-ல் பெண்களுக்குப் பட்டம் தரலாமா என்று வாக்கெடுப்பு வந்தபோது, ஆண் மாணவர்கள் சைக்கிள் ஓட்டும் ஒரு பெண்ணின் உருவ பொம்மையைத் தெருவுக்கு மேலே தொங்கவிட்டார்கள். தீர்மானம் படுதோல்வி.

ரேங்க் வரிசையில் வாசிக்கும் வழக்கம் 1909-ஓடு முடிந்தது. பெண்களுக்குப் பட்டம் கிடைக்க 1948 ஆனது. நியூன்ஹாமில் கணிதம் கற்பித்து, தென்னாப்பிரிக்காவின் டிரான்ஸ்வாலில் பள்ளிகளை உருவாக்க உதவி, பிறகு லண்டனில் கல்வித் துறையில் வேலை பார்த்த பிலிப்பா, அதே 1948 ஜூனில் இறந்துபோனார். வயது 80.