சால்வினியா

சால்வினியா மொலஸ்டா தேங்கிய நீரில் மிதந்து வளரும் ஒரு சிறு பெரணி. தென்கிழக்குப் பிரேசிலைத் தாயகமாகக் கொண்ட இச்செடி, 20-ஆம் நூற்றாண்டில் இலங்கை, ஆப்பிரிக்கா, கேரளம், ஆஸ்திரேலியா, பப்புவா நியூ கினி ஆகிய இடங்களில் பரவி நீர்நிலைகளை மூடியது. இதன் இனம் தவறாக அடையாளம் காணப்பட்டிருந்ததால், இதைக் கட்டுப்படுத்தும் முயற்சிகள் நெடுங்காலம் பலனளிக்கவில்லை.

அமைப்பு

ஒவ்வொரு கணுவிலும் மூன்று இலைகள் உண்டு. இரண்டு இலைகள் நீர்மேல் மிதக்கும். மூன்றாவது இலை நூல்நூலாகப் பிரிந்து வேர்போல நீருக்குள் தொங்கும். மிதக்கும் இலைகளின் மேலுள்ள மயிர்கள் காற்றைப் பிடித்து வைப்பதால் அவை நனைவதில்லை. இதன் வித்துகள் மலட்டுத்தன்மை கொண்டவை. ஆனால் ஒடிந்த ஒரு துண்டே புதுச்செடியாக வளரும். ஏற்ற சூழலில் சில நாட்களிலேயே இருமடங்காகப் பெருகும். செடிகள் அடர்ந்து மெத்தையாகும்போது ஒளி மறைக்கப்பட்டு, நீரில் ஆக்சிஜன் குறைகிறது.

பரவல்

1939-இல் கொழும்பில் தாவரவியல் கல்விக்காகக் கொண்டுவரப்பட்ட செடி, அங்கிருந்து வெளியேறி இலங்கையின் நெல்வயல்களிலும் நீர்வழிகளிலும் பரவியது. ஆப்பிரிக்காவின் கரிபா அணை நீர்த்தேக்கத்தில் 1959-இல் காணப்பட்டது. 1962-க்குள் சுமார் 1,000 சதுர கிலோமீட்டர் பரப்பை மூடியது. கேரளத்தில் இதற்கு 'ஆப்பிரிக்கன் பாயல்' என்று பெயர். அங்கே குட்டநாட்டின் படகுப் போக்குவரத்தும் நெல் வேளாண்மையும் பாதிக்கப்பட்டன.

பப்புவா நியூ கினியின் செப்பிக் ஆற்றில் 1970-களின் தொடக்கத்தில் இச்செடி நுழைந்தது. அங்குள்ள மக்கள் மீன்பிடிக்கவும், சந்தைக்கும் மருத்துவமனைக்கும் செல்லவும் தோணியையே நம்பியிருந்தனர். வழி அடைபட்டதால் சில ஊர்களை மக்கள் கைவிட்டு வெளியேறினர்.

பெயர்க் குழப்பம்

இச்செடி முதலில் தென் அமெரிக்காவில் பரவலாக உள்ள சால்வினியா ஆரிகுலேட்டா என்றே கருதப்பட்டது. எனவே இதன் இயற்கை எதிரிகளைத் தேடியவர்கள், 1960-களில் டிரினிடாட் முதலிய இடங்களில் அந்த இனத்தை உண்ணும் பூச்சிகளைச் சேகரித்தனர். அவை பெரும்பாலும் பயன்படவில்லை.

1972-இல் டி. எஸ். மிட்செல் இதைத் தனி இனமாக விவரித்து, 'மொலஸ்டா' என்று பெயரிட்டார். தொல்லை தருவது என்பது இந்த லத்தீன் சொல்லின் பொருள். இனம் வேறு என்று தெரிந்ததால் தாயகத்தையும் புதிதாகத் தேட வேண்டியிருந்தது. 1978-இல் அது தென்கிழக்குப் பிரேசிலில் கண்டறியப்பட்டது.

கூன்வண்டு

பிரேசிலில் இச்செடியை உண்டு வாழ்ந்த, சுமார் 2 மில்லிமீட்டர் நீளமுள்ள கூன்வண்டு ஆஸ்திரேலியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. வளர்ந்த வண்டு மொட்டுகளைத் தின்னும். புழு தண்டைத் துளைக்கும். 1980-இல் குயின்ஸ்லாந்தின் மூன்டாரா ஏரியில் விடப்பட்ட வண்டுகள், ஏறத்தாழ ஓராண்டில் சுமார் 18,000 டன் செடியை அழித்தன.

இந்த வண்டிலும் பெயர்க் குழப்பம் இருந்தது. முன்பு சேகரிக்கப்பட்ட கூன்வண்டின் இனமே இது என்று முதலில் எண்ணினர். 1985-இல் இது சிர்டோபேகஸ் சால்வினியே என்ற தனி இனமாக விவரிக்கப்பட்டது.

செப்பிக் ஆற்றில் செடியில் நைட்ரஜன் குறைவாக இருந்ததால் வண்டுகள் தொடக்கத்தில் பெருகவில்லை. ஆய்வாளர்கள் யூரியா இட்டுச் செடியின் சத்தைக் கூட்டிய பின் அவை நிலைபெற்றன. ஆற்றுவழிகள் மீண்டும் திறந்தன. கேரளத்திலும் இலங்கையிலும் 1980-களில் இதே வண்டு விடப்பட்டது. இப்பணிக்காக ஆஸ்திரேலியாவின் சிஎஸ்ஐஆர்ஓ ஆய்வுக்குழு 1985-இல் யுனெஸ்கோ அறிவியல் பரிசைப் பெற்றது.

வண்டு செடியை முற்றிலும் ஒழிப்பதில்லை. இரண்டும் சிறு அளவில் சேர்ந்தே நிலைத்திருக்கின்றன. உயிரினங்களைச் சரியாக இனங்காண்பதன் நடைமுறைப் பயனுக்கு இவ்வரலாறு ஒரு சான்றாகக் கருதப்படுகிறது.