புதன்சந்தையும் மூன்று எழுத்தும்

ஸ்லோவாக்கியத் தலைநகர் பிராத்திஸ்லாவாவிலிருந்து தென்கிழக்கே ரயிலில் ஏறினால் ஒரு மணி நேரத்தில் டுனாய்ஸ்கா ஸ்ட்ரெடா என்று ஒரு சின்ன ஊர் வரும். மொத்த ஜனத்தொகையே 23 ஆயிரம் சொச்சம்தான். ஆனா ஊர் கால்பந்து ஸ்டேடியத்தில் 12,700 இருக்கை! ஊரில் பாதிப் பேர் ஒரே நேரத்தில் போய் உட்காரலாம். சும்மா பெருமைக்குக் கட்டி வச்சதும் இல்லை. நாட்டிலேயே அதிகக் கூட்டம் சேரும் கிளப்களில் இதுவும் ஒன்று. இத்தனைக்கும் 2025 வரை இவங்க ஒரு தடவைகூட லீக் பட்டம் ஜெயிச்சதில்லை.

ஜெயிக்காத டீமுக்கு எதுக்குய்யா இவ்ளோ கூட்டம்? அதுதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கோங்க மக்களே.

முதல்ல ஊர்ப்பேரைப் பார்ப்போம். ஸ்லோவாக் மொழியில் 'ஸ்ட்ரெடா' என்றால் புதன்கிழமை. ஹங்கேரிய மொழியில் இதே ஊருக்கு டுனாசெர்டாஹெய் என்று பேர். 'செர்டா' என்றாலும் புதன்தான். அந்தக் காலத்தில் புதன்கிழமை சந்தை கூடிய இடம், டான்யூப் நதிக்கரைப் பகுதி. தமிழ்ல சொன்னா புதன்சந்தை. இதில் வேடிக்கை என்னன்னா, ஹங்கேரியர்களுக்கு அந்த 'செர்டா' என்ற சொல்லே ஸ்லாவிய மொழியிலிருந்து போனதுதான். இந்த ஒரு சொல்லைப் பங்கு போட்டுக்கிட்ட ரெண்டு மொழிக்காரங்களும் இந்த ஊர் விஷயத்தில் நூறு வருஷமா முறைச்சுக்கிட்டு நிக்கறாங்க.

ஊரில் மூன்றில் இரண்டு பங்குக்கும் மேல் ஹங்கேரிய மொழி பேசுகிறவர்கள். எங்கிருந்தும் குடிபெயர்ந்து வந்தவங்க இல்லை. அவங்க இருந்த இடத்திலேயேதான் இருந்தாங்க, எல்லைக்கோடுதான் மேலே ஏறி ஏறி இறங்கியது. 1904-இல் கிளப் தொடங்கினப்போ இது ஆஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசில் ஓர் ஊர். டுனாசெர்டாஹெய் அத்லெட்டிக் கிளப், சுருக்கமா டிஏசி. (ஊர்க்காரங்க அதைச் சேர்த்து 'டாட்ஸ்' என்கிறார்கள்.) முதல் உலகப்போருக்குப் பிறகு, 1920 ட்ரியனான் ஒப்பந்தத்தில் ஊர் செக்கோஸ்லோவாக்கியாவுக்குப் போச்சு. 1938-இல் மறுபடி ஹங்கேரி. 1945-இல் மறுபடி செக்கோஸ்லோவாக்கியா. 1993-லிருந்து ஸ்லோவாக்கியா. இந்த ஊர்ப் பாட்டி ஒருத்தி வீட்டு வாசலைத் தாண்டாமலே மூணு நாலு நாட்டுக்குப் பிரஜையா இருந்திருப்பாள்.

நடுவில் நடந்ததை ஒரு வரியில் தாண்டிப் போக மனசு வரலை. இந்த ஊரில் பெரிய யூத சமூகம் இருந்தது. மத்திய ஆசியாவை தர்வேஷ் வேஷம் போட்டுச் சுற்றி வந்த ஆர்மின் வாம்பெரி சின்ன வயசில் வளர்ந்தது இங்கேதான். 1944-இல், ஹங்கேரிய ஆட்சியின் கீழ் ஊர் இருந்தபோது, யூதர்களை ஆஷ்விட்ஸுக்கு ரயிலேற்றிவிட்டார்கள். 'எல்லாருக்கும் பொதுவான ஊர்' என்று பெருமை பேசறவங்க இதையும் சேர்த்துத்தான் பேசணும்.

அப்புறம் ஹங்கேரியர்கள் முறை. 1945-க்குப் பின் பெனெஷ் ஆணைகளின்படி அவர்கள் குடியுரிமை பறிபோனது, பள்ளிக்கூடங்கள் மூடப்பட்டன. பல பத்தாயிரம் பேரை ஹங்கேரிக்கு அனுப்பினார்கள், இன்னும் பல ஆயிரம் பேரைச் செக் பகுதிகளுக்கு வேலைக்கு ஏற்றினார்கள். 1948-க்குப் பிறகுதான் குடியுரிமையும் பள்ளியும் திரும்பின.

கம்யூனிஸ்ட் ஆட்சியில் ஒவ்வொரு கிளப்புக்குப் பின்னாலும் ஒரு தொழிற்சாலையோ, ராணுவமோ, சுரங்கமோ நிற்கும். இந்த ஊரில் ஏது தொழிற்சாலை? சுற்றிலும் டான்யூப் கொண்டுவந்து போட்ட வண்டல், நல்ல விளைநிலம். அதனால் எண்பதுகளில் கிளப் பேரோடு 'போல்னோஹோஸ்போடார்' என்ற சொல் ஒட்டிக்கொண்டது. அர்த்தம்: விவசாயி. அந்தப் பேரிலும் டிஏசி என்ற மூன்று எழுத்து கூடவே நின்றது. இதுதான் எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம்.

இந்த விவசாயி டீம் 1985-இல் செக்கோஸ்லோவாக்கிய முதல் டிவிஷனுக்கு ஏறியது. ரெண்டே வருஷம். 1987-இல் தேசியக் கோப்பை இறுதிப் போட்டியில் ஸ்பார்ட்டா பிராகாவைப் பெனால்டி ஷூட் அவுட்டில் கவிழ்த்தது. தலைநகரத்து ஸ்பார்ட்டா எவ்ளோ பெரிய டீம்னு தெரிஞ்சவங்களுக்கு இதோட ருசி புரியும். அடுத்த சீசன் லீகில் மூன்றாம் இடம். பயிற்சியாளர் கரோல் பெட்செ.

1988-இல் யூஏஃபா கோப்பை. ஸ்வீடனின் ஓஸ்டர்ஸ் அணியிடம் அங்கே போய் 0-2 என்று தோத்துட்டு வந்து, சொந்த ஊரில் 6-0 போட்டாங்க பாருங்க! அடுத்த சுற்றில் வந்தது பேயர்ன் மியூனிக். மியூனிக்கில் 1-3, ஊரில் 0-2. கதை முடிஞ்சது. ஆனா பேயர்ன் மியூனிக் புதன்சந்தைக்கு வந்து ஆடிட்டுப் போச்சு என்பதை எந்த ஸ்கோராலும் அழிக்க முடியாதே. 1993-இல் ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் ரெண்டு ஆட்டத்திலும் 2-0 என்று வெளியே அனுப்பியது. அந்த சால்ஸ்பர்க் அந்த வருஷம் இறுதிப் போட்டி வரைக்கும் போன டீம், அதனால அவமானம் இல்லை :-)

அதுக்கப்புறம் இறங்குமுகம். காசு இல்லை, கீழ் டிவிஷன், சிதிலமான ஸ்டேடியம். இந்தப் பகுதியை வேகமா ஓட்டிடறேன். 2008-இல் செனெட்ஸ் என்ற பக்கத்து ஊர் கிளப்போடு இணைந்ததால் மறுபடி முதல் டிவிஷனில் இடம் கிடைத்தது.

அதே வருஷம் நவம்பர் 1. பிராத்திஸ்லாவாவின் ஸ்லோவான் அணி ஆட வந்தது. ஸ்லோவான் ரசிகர்களில் ஒரு பகுதி தீவிர ஸ்லோவாக் தேசியவாதிகள். இந்தப் பக்கம் ஹங்கேரியிலிருந்து எல்லை தாண்டி வந்த கூட்டம், அதில் பழைய மகா ஹங்கேரிக் கனவில் மிதக்கிற ஆட்கள். நடுவில் ஸ்லோவாக் போலீஸ். ஆட்டம் தொடங்கிய கொஞ்ச நேரத்திலேயே போலீஸ் ஹங்கேரிய ரசிகர்கள் பகுதிக்குள் புகுந்து தடியால் அடித்தது. 50 பேருக்கு மேல் காயம். ரெண்டு நாட்டு உறவே கெட்டுப்போய், அதே மாதம் பிரதமர்கள் ஃபிட்சோவும் ஜுர்ச்சானும் எல்லை ஊரான கோமார்னோவில் நேரில் சந்திக்க வேண்டியதாயிற்று. ஒரு லீக் மேட்ச்சுக்காக! வந்தவங்க எல்லாரும் உத்தமர்கள் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனா டிக்கெட் வாங்கி உட்கார்ந்திருந்தவனையும் சேர்த்து அடிச்சதுக்கு அது பதில் ஆகாது.

அடுத்த வருஷமே, 2009-இல், அரசு மொழிச் சட்டம் திருத்தப்பட்டது. மீறினால் 5,000 யூரோ வரை அபராதம். உள்ளூர் ஆளுக்கு இந்த ரெண்டும் தனித்தனி சம்பவமா தெரிஞ்சிருக்காது.

2014-இல் ஒஸ்கார் விலாகி கிளப்பை எடுத்துக்கொண்டார். ஸ்லோவ்நாஃப்ட் எண்ணெய் நிறுவனத்தின் தலைமைப் பொறுப்பில் இருந்தவர். ஸ்லோவ்நாஃப்ட்டின் முதலாளி ஹங்கேரியின் மோல். புது ஸ்டேடியத்தின் பேர் மோல் அரேனா, புரியுதா? இளைஞர் அகாடமிக்கு ஹங்கேரிய அரசின் பணமும் வந்தது. ஓர்பான் அரசு எல்லைக்கு வெளியே உள்ள ஹங்கேரியர்களுக்கு அள்ளிக் கொடுத்தது பாசத்தில் மட்டும் இல்லை. பக்கத்து நாட்டு அரசு காசு கொடுத்தா, அந்த நாட்டு அரசியலும் கூடவே வந்து உட்காரும். கிளப் நல்லா இருக்கு, ஸ்டேடியம் பளபளக்குது, அதெல்லாம் சரி. இந்த விலை எனக்கு உறுத்துது.

ஆட்டத்துக்கு முன்னால் ரசிகர்கள் மஞ்சள்-நீலத் துண்டைத் தூக்கிப் பிடிச்சு 'நெய்குலெத்' என்று ஒரு ஹங்கேரியப் பாட்டைப் பாடுவார்கள். 'நீயில்லாமல்' என்று அர்த்தம், இஷ்மெரோஷ் அர்ட்ஸோக் என்ற ராக் குழுவின் பாட்டு. ஹங்கேரிய தேசிய கீதமும் உண்டு. இதைக் குறி வச்சுத்தான் 2019 மார்ச்சில், வேறு நாட்டுக் கீதத்தைப் பொது இடத்தில் பாடினால் அபராதம் என்று நாடாளுமன்றம் ஒரு திருத்தம் கொண்டுவந்தது. ஜனாதிபதி கிஸ்கா கையெழுத்துப் போடாமல் திருப்பி அனுப்பினார்.

இவ்வளவு பாட்டும் யாருக்காக? களத்தில் இறங்கும் பதினோரு பேரில் ஹங்கேரிய மொழி தெரிஞ்சவங்களை விரலில் எண்ணிடலாம். பல வருஷம் இடதுபக்கத் தடுப்பாட்டக்காரரா இருந்தவர் எரிக் டேவிஸ், பனாமாக்காரர். அவருக்கும் அதே பாட்டுதான், அதே கைதட்டல்தான்.

2019, 2021, 2023 என்று மூணு சீசன் டிஏசி லீகில் ரெண்டாம் இடம் வந்தது. மூணு தடவையும் முதலிடம் யாருக்குன்னு நினைக்கிறீங்க? அதே ஸ்லோவானுக்குத்தான்.