துண்டும் பற்றுச்சீட்டும்: மலையகத் தொழிலாளரின் விலகும் உரிமை பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

மலையகத் தமிழ் மக்களின் வரலாற்றை எழுதப் புகுந்தோர் பெரும்பாலும் அம்மக்கள் இலங்கைக்கு எவ்வாறு வந்தனர் என்பதையே விரிவாக ஆராய்ந்துள்ளனர். மன்னாரிலிருந்து மாத்தளை நோக்கிச் சென்ற காட்டுவழியும், அவ்வழியே கொள்ளைநோய்க்கும் பசிக்கும் இரையானோரின் துயரமும் பலராலும் எடுத்துரைக்கப்பட்டுள்ளன. ஆயின், வந்து சேர்ந்த ஒருவர் தமக்கு அத்தோட்டம் ஒவ்வாது எனக் கண்டபோது அதனை விட்டு விலக முடிந்ததா? விலகுங்கால் அதுவரை உழைத்த உழைப்புக்குரிய சம்பளம் அவர் கைக்கு வந்ததா? இவ்விரு வினாக்களும் போதிய கவனத்தைப் பெற்றில. வேலையில் சேரும் நிலையைக் காட்டிலும் வேலையை விடும் நிலையே தொழிலாளியின் சுதந்திரத்தை அளந்தறிதற்கு ஏற்ற அளவுகோலாகும். அவ்வளவுகோலைக் கொண்டு கோப்பிக் காலந்தொட்டு இன்றுவரையுள்ள நிலையை நோக்குவது இக்கட்டுரையின் நோக்கம்.

பிஜி, நாட்டால் முதலிய குடியேற்ற நாடுகளுக்குச் சென்ற இந்தியத் தொழிலாளர் ஐந்தாண்டு ஒப்பந்தத்தால் பிணிக்கப்பட்டிருந்தனர். இலங்கைக்கு வந்தோர் அத்தகைய ஒப்பந்தம் எதிலும் கைந்நாட்டு வைக்கவில்லை. 1841 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டமும், அதன் பின்னர் நெடுங்காலம் நடைமுறையிலிருந்த 1865 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டமும் வாய்மொழியான வேலை உடன்பாட்டை மாத உடன்பாடாகவே கொண்டன. அது மாதந்தோறும் தானே புதுப்பிக்கப்படும். உரிய முன்னறிவித்தல் கொடுத்து இருதரப்பினருள் எவரும் அதனை முடித்துக்கொள்ளலாம். இதனைக் காட்டியே, இலங்கைத் தோட்டத் தொழிலாளி சுதந்திரத் தொழிலாளி எனத் தோட்டத்துரைமாரும் அரசாங்கமும் இடையறாது வாதிட்டு வந்தனர்.

சட்டத்தின் ஒரு பிரிவு தந்த இவ்வுரிமையை மற்றொரு பிரிவு பறித்துக்கொண்டது. முன்னறிவித்தல் இன்றியோ தக்க காரணம் இன்றியோ வேலையை விட்டுச் சென்ற தொழிலாளி குற்றவாளியாகக் கருதப்பட்டான். அவனுக்கு வரவேண்டிய சம்பளம் பறிபோவதோடு, மூன்று மாதம்வரை சிறைத்தண்டனையும் விதிக்கப்படலாம். இங்கிலாந்தில் வேலை உடன்பாட்டை மீறிய தொழிலாளியைச் சிறையிடும் முறை 1875 இல் ஒழிக்கப்பட்டது. அந்நாட்டின் ஆட்சிக்குட்பட்ட இலங்கையில் அது மேலும் ஏறத்தாழ அரை நூற்றாண்டு நீடித்தது. தாயகத்தில் குடியியல் வழக்காகிவிட்ட ஒன்று குடியேற்ற நாட்டில் குற்றவியல் வழக்காகவே இருந்தது என்பது ஈண்டு நோக்கற்பாலது.

முன்னறிவித்தல் கொடுப்பதும் எளிய செயலன்று. எழுதப் படிக்க அறியாத தொழிலாளி, பெரட்டுக்களத்தில் துரையின் முன் நின்று வாய்மொழியாகவே அதனைக் கூறவேண்டும். துரை அதனை ஏற்காவிடின் கூறியதற்குச் சான்று யாது? பெரிய கங்காணி சான்று கூறான். லயத்திலுள்ளோர் கூற அஞ்சுவர். நீதிமன்றமோ தொலைவிலுள்ளது, அதன் மொழி ஆங்கிலம். ஆகவே, சட்டப்படி விலகியவனும் ‘ஓடிப்போனவன்’ எனப் பெயர் பெறுதற்கு இடமிருந்தது.

சம்பளம் காலந்தாழ்த்திக் கொடுக்கப்பட்டமை இக்கட்டினை மேலும் இறுக்கியது. 1869 இல் தோன்றிய இலைநோயால் கோப்பிப் பயிர் அழியத் தொடங்கியபோது, பல தோட்டங்கள் மாதக்கணக்கில் சம்பளம் கொடாது விட்டன, சில கைமாறின. உழைத்தோருக்குரிய சம்பளத்தைத் தோட்டத்தின் மீதான முதற்கடனாக்க 1884 ஆம் ஆண்டின் 16 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் தேவைப்பட்டது. 1889 ஆம் ஆண்டின் 13 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் ஒரு மாதத்துச் சம்பளத்தை அம்மாத முடிவிலிருந்து 60 நாட்களுள் கொடுத்தல் வேண்டும் என விதித்தது. இது தொழிலாளருக்கான பாதுகாப்பு என்றே கூறப்பட்டது. ஆயினும் அதன் மறுபக்கத்தையும் நாம் காணல் வேண்டும். சித்திரையில் உழைத்த கூலி ஆனியிற் கைக்கு வருமாயின், எந்நாளில் விலகினாலும் தொழிலாளியின் உழைப்பில் ஒரு பகுதி துரையின் பெட்டியிலேயே தங்கியிருக்கும். செக்றோலில் பதியப்பட்ட பேரும் அரைப்பேரும் காசாக மாறுவதற்கு முன் வெளியேறுபவன் அவற்றை இழக்க நேர்ந்தது. நிலுவைச் சம்பளம் தொழிலாளியைத் தோட்டத்தோடு பிணிக்கும் கயிறாயிற்று எனலாம்.

இதனினும் வலிய கயிறு கடன். ஆள்கட்டச் செல்லும் கங்காணிக்குத் தோட்டம் முற்பணம் கொடுத்தது. ஊரில் பட்ட கடனைத் தீர்க்கவும், வழிச்செலவுக்கும், அரிசிக்கும், கம்பளிக்கும் அப்பணத்திலிருந்து செலவிடப்பட்டது. அச்செலவு முழுவதும் தொழிலாளியின் பெயரில் எழுதப்பட்டது. இவ்வாறு, வேலையில் ஒருநாளேனும் இறங்குமுன்னரே அவன் கடனாளியானான். தோட்டத்துக்கு ஆள் தேவைப்பட்டதால் உண்டான செலவு, அத்தோட்டத்தின் செலவாகக் கொள்ளப்படாது, அங்கு வந்து உழைப்பவனின் கடனாகக் கொள்ளப்பட்டமையே இம்முறையின் அடிப்படைக் கோளாறு.

இக்கடனிலிருந்து தோன்றியதே ‘துண்டு’ முறை. தொழிலாளர் குழு ஒன்று வேறு தோட்டத்துக்குப் போக விரும்பினால், துரை ஒரு துண்டுக் கடதாசியில், இன்ன தொகை செலுத்தப்படுமாயின் இன்ன கங்காணியையும் அவனது ஆட்களையும் விடுவிப்பேன் என எழுதிக் கொடுப்பார். அத்துண்டைக் கங்காணி தோட்டந்தோறும் காட்டிப் பேரம் பேசுவான். ஆட்கள் தேவைப்படும் துரை அத்தொகையைக் கொடுத்து அவர்களைப் பெறுவார். புதிய தோட்டத்தில் அத்தொகையோடு கங்காணி பெற்ற மேலதிக முற்பணமும் சேர்ந்து தொழிலாளரின் புதிய கடனாகும். தோட்டம் மாறுந்தோறும் கடன் வளர்ந்தது, சம்பளம் வளரவில்லை. தொழிலாளி தன் விருப்பின்படி விலகவில்லை. விலை கொடுத்து மீட்கப்பட்டான். மீட்ட பொருளைச் செலுத்தியவர் புதிய துரை. அதனைச் சுமந்தவன் தொழிலாளி.

துண்டு முறையினின்றும் வேறானது பற்றுச்சீட்டு. பேச்சு வழக்கில் இது ‘பத்துச்சீட்டு’ எனப்படும். தொழிலாளி முறைப்படி விலகினான் எனத் தோட்டம் வழங்கும் சான்று இது. இச்சீட்டு இல்லாதவனை வேறொரு தோட்டம் ஏற்காது. ஆகவே, விலகும் உரிமைக்குச் சான்றாக எழுந்த சீட்டே விலகவிடாது தடுக்கும் கருவியாகவும் பயன்பட்டது. லயக் காம்பரா வேலையோடு இணைந்திருந்தமையால் வேலையை இழந்தவன் அன்றே குடியிருப்பையும் இழந்தான். இதனாலேயே பத்துச்சீட்டு என்னும் சொல், தொழிலாளியே கேட்கும்போது எளிதிற் கிட்டாத ஒன்றையும், கேளாதபோது கையில் திணிக்கப்படும் ஒன்றையும் ஒருங்கே குறிக்கலாயிற்று.

இம்முறைகளின் கேடுகளைத் தோட்டத்துரைமாரும் உணராதிருக்கவில்லை. ஒருவர் ஆட்களை மற்றவர் இழுப்பதால் முற்பணம் ஏறிக்கொண்டே சென்றமை அவர்களது கவலை. 1908 ஆம் ஆண்டின் தொழிலாளர் ஆணைக்குழு இப்பொருளை ஆராய்ந்தது. 1917 இல் மார்ஜோரிபாங்ஸ், அகமது தம்பி மரைக்காயர் ஆகியோர் இலங்கை, மலாயா நாடுகளின் இந்தியத் தொழிலாளர் நிலை பற்றி அறிக்கை சமர்ப்பித்தனர். துரைமாரின் கவலை பணம் பற்றியது. மனித உரிமை பற்றிய குரல் வேறிடத்திலிருந்து எழுந்தது. 1919 இல் சேர் பொன்னம்பலம் அருணாசலம் இலங்கைத் தொழிலாளர் நலவுரிமைச் சங்கத்தைத் தோற்றுவித்தார். மலையகத்திற் பிறந்து கேம்பிரிட்ஜில் பயின்ற பெரி. சுந்தரம் அதன் செயலாளராய்ப் பணியாற்றினார். வேலையை விட்டமைக்காகத் தொழிலாளரைச் சிறையிடும் சட்டம் நீங்கவேண்டும் என்பது அச்சங்கத்தின் முதன்மைக் கோரிக்கை. 1921 ஆம் ஆண்டின் 43 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் துண்டு முறையை ஒழித்தது. இந்தியத் தோட்டத் தொழிலாளருக்கான சிறைத்தண்டனை விதிகளையும் நீக்கியது. இந்தியாவில் அதே தன்மையதான 1859 ஆம் ஆண்டுச் சட்டம் 1925 இலேயே நீக்கப்பட்டது என்பதை ஒப்பிடுமிடத்து இவ்வெற்றியின் பெருமை விளங்கும்.

ஆயினும், சிறைக்கதவு திறந்தவுடன் கடன்கதவும் திறந்துவிடவில்லை. வழிச்செலவு யாருடையது என்னும் வினாவுக்கு விடை காணப்படவேண்டியிருந்தது. அவ்விடையை இந்தியாவின் 1922 ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டமும், அதனைத் தொடர்ந்து இலங்கையில் இயற்றப்பட்ட 1923 ஆம் ஆண்டின் 1 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டமும் தந்தன. தோட்ட உரிமையாளர் அனைவரும் செலுத்தும் பணத்தைக்கொண்டு ஒரு பொது நிதி அமைக்கப்பட்டு, ஆள்திரட்டும் செலவு அதிலிருந்து வழங்கப்பட்டது. புதிதாக வருவோர் கடனின்றியே வந்திறங்கினர். மேலும், வந்த ஓராண்டுக்குள் உடல்நிலை, வேலை ஒவ்வாமை, நீதியற்ற நடத்துகை அல்லது வேறு தக்க காரணத்தால் ஒருவர் திரும்ப விரும்பினால், இந்திய அரசின் முகவர் அதனை ஏற்குமிடத்து, அவரைச் செலவின்றி ஊருக்கு அனுப்பவும் விதி செய்யப்பட்டது. இக்காலத்தார் நன்னடத்தைக் காலம், தகுதிகாண் காலம் எனக் கூறுவதில் முதலாளியே தொழிலாளியைச் சோதித்துப் பார்க்கின்றார். 1923 ஆம் ஆண்டு விதியோ தோட்டத்தைச் சோதித்துப் பார்க்கும் ஓராண்டைத் தொழிலாளிக்கு வழங்கியது. இவ்வகையில் அது காலத்தை முந்திய விதி எனல் தகும்.

1927 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கக் குறைந்தபட்சச் சம்பளக் கட்டளைச் சட்டம் சம்பளத்தை அடுத்த மாதம் 10 ஆம் நாளுக்குள் வழங்குமாறு பணித்து, 60 நாள் நிலுவைக்கு முடிவு கட்டியது. 1929 முதல் மலைநாட்டில் ஆணுக்கு 54 சதமும் பெண்ணுக்கு 43 சதமும் சிறுவருக்கு 32 சதமும் நாட்கூலியாயின. சட்டப் புத்தகத்திலிருந்த உரிமையை லயத்துக்குக் கொண்டுசெல்லும் பணியைத் தொழிற்சங்கம் செய்தது. கோ. நடேசய்யர் 1931 இல் அட்டனைத் தளமாகக்கொண்டு அகில இலங்கை இந்தியத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை நிறுவினார். அதே ஆண்டில் அட்டன் தொகுதியின் பிரதிநிதியாக அரசாங்க சபை புகுந்த பெரி. சுந்தரம் தொழில் அமைச்சரானார்.

இவ்வரலாறு முடிந்துபோன ஒன்றன்று. ஒருகாலத்தில் ஆள் வந்திறங்கிய அதே அட்டனிலிருந்தும் நுவரெலியாவிலிருந்தும் இன்று ஆள் புறப்படுகின்றது. தோட்டத்துச் சம்பளம் போதாமையால் மேற்காசிய நாடுகளுக்கு வீட்டுப் பணியாளராகவும் பிற தொழிலாளராகவும் செல்வோர் பலர். அவர்களைப் பதிவு செய்து பாதுகாக்க 1985 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம் அமைக்கப்பட்டது. ஐக்கிய அரபு இராச்சியத்தின் 2021 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கச் சட்டம், தகுதிகாண் காலம் ஆறு மாதத்தை விஞ்சலாகாது என்கின்றது. அக்காலத்தில் அந்நாட்டிலேயே வேறு முதலாளியிடம் செல்ல விரும்புபவர் ஒரு மாத முன்னறிவித்தலும், நாட்டைவிட்டே செல்பவர் 14 நாள் முன்னறிவித்தலும் எழுத்தில் கொடுத்தல் வேண்டும். வேலை முடிந்த 14 நாட்களுள் சம்பளமும் ஏனைய உரித்துக்களும் கொடுக்கப்படல் வேண்டும். முதல் முதலாளி ஆள்திரட்டச் செலவிட்டதைப் புதிய முதலாளி அவருக்கு ஈடுசெய்தல் வேண்டும் என்பதும் அதன் விதி.

இவ்விறுதி விதியிற் பழைய துண்டின் சாயல் தோன்றுகின்றதன்றோ? ஒரு முதலாளி மற்றொரு முதலாளிக்குப் பணம் செலுத்தி ஆளைப் பெறுகின்றார். ஆயின் ஓர் அடிப்படை வேறுபாடு உண்டு. ஆள்திரட்டும் செலவைத் தொழிலாளியிடம் அறவிடலாகாது என அச்சட்டம் விலக்கியுள்ளது. ஆகவே அத்தொகை தொழிலாளியின் கணக்கில் ஏறாது. எனினும் வீட்டுப் பணியாளர் இச்சட்டத்தின் எல்லைக்குள் அடங்கார். அவர்களுக்கு வேறு சட்டம் உண்டு. ஊரில் இடைத்தரகருக்குக் கடன்பட்டுச் செல்பவருக்கோ, அயல்நாட்டுச் சட்டம் எத்துணை நன்றாயினும், வேலையை விடுதல் எளிதாகாது. அக்கடன் இக்காலத்துத் துண்டு.

வேலை உடன்பாடு முடியும்போது உரிய சம்பளம் முழுவதும் தீர்த்து வழங்கப்படல் வேண்டும் என 1949 ஆம் ஆண்டின் சர்வதேசத் தொழில் தாபனச் சம்பளப் பாதுகாப்புச் சமவாயம் கூறுகின்றது. மலையக வரலாறு அதனோடு சேர்த்துப் படிக்கவேண்டிய ஒன்றைக் கற்பிக்கின்றது. விலகும் உரிமையைச் சட்டத்தில் எழுதினால் மட்டும் போதாது. 1841 இலேயே அது எழுதப்பட்டிருந்தது. அது மெய்ப்பட ஏறத்தாழ எண்பதாண்டு சென்றது. உழைத்த கூலி தாமதமின்றிக் கைக்கு வரல், விலகுதல் குற்றமாகாமை, வந்த வழிச்செலவு உழைப்பவரின் கடனாகாமை ஆகிய மூன்றும் ஒருங்கே அமைந்தபோதே அவ்வுரிமை உயிர் பெற்றது. இம்மூன்றனுள் ஒன்று குறையினும் ஏனைய இரண்டும் பயன்படா. வெளிநாட்டு வேலை பற்றிய இன்றைய சட்டங்களை ஆராயும் மாணவரும், அவற்றை இயற்றும் பொறுப்புடையோரும் முதலில் கேட்கவேண்டிய வினா, வழிச்செலவு யார் கணக்கில் எழுதப்படுகின்றது என்பதே.