முயற்சியாண்மை பட்டநெறியான வரலாறு: பாடத்திட்டமும் மூலதனமும்

முயற்சியாண்மையைப் பல்கலைக்கழகப் பட்டநெறியாக வகுக்க முற்படுவோர் பெரும்பாலும் பாடங்களின் பட்டியலிலிருந்தே தொடங்குகின்றனர். கணக்கியலுக்கு எத்தனை அலகு, சந்தைப்படுத்தலுக்கு எத்தனை அலகு, உளவியல் வேண்டுமா வேண்டாமா என்ற விவாதங்களிற் கூட்டங்கள் கழிகின்றன. இத்தகைய பட்டநெறி எச்சூழலில், எவருடைய தேவையையொட்டி, எவ்வகை மாணவரை மனங்கொண்டு தோன்றியது என்ற வரலாற்று வினா எழுப்பப்படுவது அரிது. அவ்வினாவை எழுப்பாது வெளிநாட்டுப் பாடத்திட்டமொன்றைக் கொணரும்பொழுது, அதனோடு கூடியிருந்த சமூக ஏற்பாடுகள் அங்கேயே தங்கிவிடுகின்றன. பாடங்களின் பெயர்கள் மட்டுமே இங்கு வந்து சேர்கின்றன.

சொல்லைப் பற்றியும் ஒரு குறிப்பு. ஈழத்துப் பாடநூல்கள் 'முயற்சியாண்மை' என்பதைத் தமிழகத்தார் 'தொழில்முனைவு' என்பர். தாளாண்மை, வேளாண்மை முதலிய பழஞ்சொற்களின் வழிவந்த முன்னையது ஒருவரிடத்துள்ள பண்பைச் சுட்டுவதாகவும், பின்னையது ஒரு செயலைச் சுட்டுவதாகவும் நமக்குத் தோன்றுகின்றது. பண்பா, செயலா என்பதே இத்துறையின் வரலாறு முழுவதிலும் தீராத வழக்காகும்.

1947 பெப்ரவரியில் அமெரிக்காவின் ஹாவாட் வணிகக் கல்லூரியில் மைல்ஸ் மேஸ் என்பார் புதிய தொழில்முயற்சிகளின் முகாமைத்துவம் பற்றிய பாடமொன்றைத் தொடங்கினார். முதுமாணி வகுப்பின் இரண்டாம் ஆண்டு மாணவர் 188 பேர் அதிற் சேர்ந்தனர். முயற்சியாண்மை பல்கலைக்கழகப் பாடமான வரலாற்றை எழுதுவோர் இதனையே தொடக்கமாகக் கொள்வர். ஆயின், அக்காலப் பல்கலைக்கழக வகுப்புகளை நிறைத்திருந்தோர் யார் என்பதையும் நோக்குதல் வேண்டும். இரண்டாம் உலக யுத்தத்திலிருந்து மீண்ட படையினரே அவருட் பெருந்தொகையினர். 1944இல் நிறைவேற்றப்பட்ட சட்டமொன்றின்படி அவர்களது கல்விச் செலவை அரசு ஏற்றது. வாழ்க்கைச் செலவுக்கும் பணம் கொடுத்தது. அதே சட்டம், அவர்கள் வீடு வாங்கவோ பண்ணை அமைக்கவோ தொழில் தொடங்கவோ பெறும் கடனுக்கு அரசே பிணைநிற்கவும் வழிசெய்தது. தனிமனித ஊக்கத்தின் வெற்றி எனப் பின்னாளிற் போற்றப்பட்ட இவ்வரலாற்றின் முதற்பக்கத்திலேயே அரசின் கை தெளிவாகத் தெரிகின்றது.

வேறொரு கையும் அங்கிருந்தது. அதே கல்லூரியின் பேராசிரியரான ஜோர்ஜ் டோரியோ 1946இல் அமெரிக்க ஆராய்ச்சி அபிவிருத்திக் கூட்டுத்தாபனம் என்ற முதலீட்டு நிறுவனத்தைப் பொஸ்ரனில் உருவாக்குவதில் முன்னின்றார். மசாசூசெற்ஸ் தொழினுட்ப நிறுவகத்தின் தலைவர் கார்ள் கொம்ப்ரனும் அதன் தோற்றத்திற் பங்குகொண்டார். வங்கிகள் பிணை கேட்கும் புதிய தொழில்களுக்குப் பங்குமுதல் வழங்குவதே அதன் நோக்கம். 1957இல் இந்நிறுவனம் 70,000 டொலரை இடவே டிஜிற்றல் எக்குவிப்மென்ற் என்ற கணினி நிறுவனம் தோன்றியது. அதனைத் தொடங்கிய இருவரும் அமெரிக்க அரசின் பாதுகாப்புச் செலவினத்தில் இயங்கிய லிங்கன் ஆய்வுகூடத்திற் பணியாற்றியவர்கள். இவ்வாறு விரிவுரை மண்டபமும் ஆய்வுகூடமும் முதலீட்டு நிதியும் ஒரே நகர்ப்புறத்தில் ஒன்றையொன்று தாங்கிநின்றன. விரிவுரை மண்டபம் மட்டுமே பின்னர் உலகெங்கும் ஏற்றுமதியாயிற்று. 1968இல் பாப்சன் கல்லூரி இளமாணி மட்டத்தில் முயற்சியாண்மையைச் சிறப்புத்துறையாக்கியது. 2003இல் வெளிவந்த கணக்கீடொன்று அமெரிக்காவில் 1,600க்கும் மேற்பட்ட கல்வி நிலையங்களில் 2,200க்கும் மேற்பட்ட பாடநெறிகள் நடைபெற்றதாகக் கூறுகின்றது.

இங்கு ஒரு முரணைச் சுட்டாதிருக்க இயலாது. மேஸ் பாடம் தொடங்கிய காலத்தில் அதே பல்கலைக்கழகத்தின் பொருளியற்றுறையில் யோசப் சும்பீற்றர் கற்பித்துக்கொண்டிருந்தார். 1911இல் வெளிவந்த தமது பொருளாதார வளர்ச்சிக் கோட்பாட்டு நூலில் அவர் முயற்சியாளரைப் புதிய சேர்க்கைகளை நிறைவேற்றுபவராக வரையறுத்தார். புதிய பண்டம், புதிய உற்பத்தி முறை, புதிய சந்தை, புதிய மூலப்பொருள் ஊற்று, புதிய அமைப்பு என்பன அச்சேர்க்கைகள். அவற்றைச் செய்யும் காலம் வரையுமே ஒருவர் முயற்சியாளர். நிறுவிய தொழிலை வழமைபோல் நடத்தத் தொடங்கியதும் அந்நிலை நீங்கிவிடும். எனவே அது வாழ்நாட் தொழிலுமன்று, சமூக வர்க்கமுமன்று. அன்றியும், கடன் வழங்குபவரின்றி முயற்சியாளர் இல்லை என்பது அவருடைய கோட்பாட்டின் நடுநாயகம். சும்பீற்றர் சோசலிசவாதியல்லர், ஆயினும், பட்டச் சான்றிதழால் ஒருவரை முயற்சியாளராக்கலாம் என்ற கருத்துக்கு அவரது நூலில் இடமில்லை என்பது நமது துணிபு.

ஆசிய நாடுகளுக்கு இத்துறை வந்து சேர்ந்தபொழுது பண்பு என்ற பக்கமே மேலோங்கியது. ஹாவாட் உளவியலாளர் டேவிட் மக்கிளெலண்ட் 1961இல் வெளியிட்ட நூலில், சாதனை நாட்டமே பொருளாதார வளர்ச்சியின் ஊற்று என வாதிட்டார். அறுபதுகளின் நடுப்பகுதியில் ஆந்திராவின் காக்கிநாடா நகரத்து வணிகரும் தொழில் நடத்துவோருமான 52 பேர் ஐதராபாத்துச் சிறுகைத்தொழிற் பயிற்சி நிறுவகத்தில் அந்நாட்டத்தை வளர்க்கும் குறுகிய பயிற்சியைப் பெற்றனர். பயிற்சி பெற்றோர் ஏனையோரைவிட ஊக்கமாகத் தொழிலை விரிவாக்கினர் என்பது ஆய்வின் முடிபு. மரபு நம்பிக்கைகள் இதற்குத் தடையாக நிற்கவில்லை என்ற அவர்களது கண்டறிவு, கீழைத்தேயத்தவர் இயல்பிலேயே மந்தமானவர் என்ற காலனித்துவப் பேச்சுக்கு நல்ல மறுமொழியே. ஆயினும் பயிற்சிக்கு வந்தோர் ஏலவே கடையும் கணக்கும் உடையோர். கைம்முதலில்லாப் பட்டதாரிக்கு இம்முடிபு எவ்வாறு பொருந்தும் என்பதற்கு அவ்வாய்விலே விடையில்லை.

விடைக்கு அண்மையிற் சென்றது குஜராத்தின் அனுபவமாகும். எழுபதுகளின் வாயிலில் அம்மாநிலக் கைத்தொழில் முதலீட்டுக் கூட்டுத்தாபனம், தொழினுட்ப அறிவுடையோருக்குப் பிணையின்றி முழு முதலையும் கடனாக வழங்க முன்வந்தது. பிணையில்லாக் கடனைப் பெறுவோரைத் தெரிவு செய்யவும் பழக்கவும் வேண்டியிருந்தமையால் 1970 முதல் பயிற்சி நெறி உருவாயிற்று. அகமதாபாத்தில் 1983இல் நிறுவப்பட்ட முயற்சியாண்மை அபிவிருத்தி நிறுவகம் இவ்வழிவந்ததே. இங்கு கடன் முந்தியது, பாடத்திட்டம் பிந்தியது. பட்டநெறி வகுப்போர் ஊன்றிக் கவனிக்க வேண்டிய ஒழுங்குமுறை இது.

நம் நாட்டை நோக்குவோம். பிரித்தானியர் ஆட்சியில் வெளிநாட்டு வங்கிகள் உள்ளூரவருக்கு நேரடியாகக் கடன் வழங்குவது அரிதாயிருந்தது. அவ்வங்கிகளிடம் பணம் பெற்று உள்ளூரவருக்கு வட்டிக்கு விட்டோர் நாட்டுக்கோட்டைச் செட்டிமார். அவர்களது பெட்டகங்கள் ஒருவகைத் தொழிற்கல்விக் கூடங்களாகவும் இயங்கின. சிறுவன் பெட்டியடிப் பையனாகச் சேர்ந்து, அடுத்தாளாகி, மூன்றாண்டுக் கணக்குக்குப் பொறுப்பான மேலாளாகக் கடல்கடந்து அனுப்பப்படுவான். பேரேடு எழுதவும் ஆளை மதிப்பிடவும் அவன் பணத்தோடு பணமாக இருந்தே கற்றான். இக்கல்வி ஒரு சாதிக்குள் அடைபட்டது. அதன் பெறுபேறாகக் கடனாளிகளின் காணிகள் பல கைமாறின. அதனை மீட்டெடுக்க வேண்டுமென்று நாம் கூறவில்லை. ஆனால் அவர்களது 'ஐந்தொகை' என்ற சொல் இன்று நம் கணக்கியற் பாடநூல்களில் வாழ்கின்றது; அதனைக் கற்பித்த முறையோ பல்கலைக்கழக வாயிலை எட்டவில்லை.

வங்கி ஆணைக்குழு 1934இல் அளித்த அறிக்கையின் வழியே 1939இல் இலங்கை வங்கி தோன்றியது. மூன்றாண்டுகளின் பின் இலங்கைப் பல்கலைக்கழகம் தோன்றியது. அடுத்தடுத்துப் பிறந்த இவ்விரு நிறுவனங்களும் ஒன்றையொன்று அறியாதனபோல் வளர்ந்தன. பல்கலைக்கழகம் அரசசேவைக்கு ஆட்களை ஆக்கியது. வங்கி பிணையுள்ளோரை நாடியது. இலவசக் கல்வியும் தாய்மொழிக் கல்வியும் கிராமத்துப் பிள்ளைகளைப் பல்கலைக்கழகத்துக்குக் கொணர்ந்தபொழுது அரசசேவையின் கதவு ஒடுங்கத் தொடங்கியிருந்தது. 1971 ஏப்ரல் கிளர்ச்சியும், அவ்வாண்டிலேயே டட்லி சியர்ஸ் தலைமையிலான சர்வதேசத் தொழிலமைப்புக் குழுவின் அறிக்கையும் இதன் விளைவைக் காட்டின. தொழில்வாய்ப்புகளுக்கும் இளைஞரின் எதிர்பார்ப்புகளுக்கும் இடையிலான பொருத்தப்பாட்டை அவ்வறிக்கை ஆராய்ந்தது. 1977இன் பின் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டபொழுது, 'வேலை தேடாதே, வேலையை உருவாக்கு' என்ற அறிவுரை வலுப்பெற்றது. வேலையின்மை என்ற சமூகப் பிரச்சினை இளைஞரின் மனப்பாங்குக் குறைபாடாக உருமாற்றப்பட்டது இவ்வாறுதான். கடன் வந்தபோதும் அது வேறு உருவில் வந்தது. யுத்தத்தின் பின் சுயதொழிலின் பெயரால் வழங்கப்பட்ட நுண்கடன்களிற் கிராமத்துப் பெண்கள் சிக்குண்டமையும், வறட்சி பாதித்த மாவட்டங்களில் அவர்களது கடன்களில் ஒரு பகுதியை 2018இல் அரசு தள்ளுபடி செய்ய நேர்ந்தமையும் யாவரும் அறிந்தவை.

ஸ்பானியாவின் பாஸ்க் பிரதேசத்து மொன்றாகன் இதற்கு மாறான வரிசையைக் காட்டுகின்றது. அங்கு அரிஸ்மென்டியாரியெற்றா என்ற பாதிரியார் 1943இல் தொழிற்பள்ளியொன்றைத் தொடங்கினார். அதன் பழைய மாணவர் ஐவர் 1956இல் அடுப்புச் செய்யும் தொழிற்சாலையொன்றைத் தொடங்கினர். அது கூட்டுறவாக வளர்ந்தது. 1959இல் கூட்டுறவாளர்களின் சேமிப்பு வங்கி எழுந்தது. அவ்வங்கி கடன் கொடுத்ததோடு நில்லாது, புதிய கூட்டுறவுகளைத் திட்டமிட்டு நிறுவித்தரும் தனிப்பிரிவொன்றையும் நடத்தியது. 1966இல் மாணவரே உறுப்பினரான அலெகொப் என்ற கூட்டுறவு உருவாகியது; அரைநாட் படிப்பு, அரைநாள் வேலை என்பது அதன் ஒழுங்கு. 1997இற் பல்கலைக்கழகமும், 2009இல் மாணவர் குழுக்களாகச் சேர்ந்து மெய்யான நிறுவனங்களை நடத்தியே கற்கும் இளமாணிப் பட்டநெறியும் தோன்றின. முயற்சியாளர் தனியர் என்ற முற்கோள் இங்கு இல்லை.

ஆகவே பட்டநெறி வகுக்கும் குழுவின் முதற்கூட்டத்தில் வைக்கப்படவேண்டியது பாடப்பட்டியலன்று என்பது நமது கருத்து. மாணவர் தொடங்கும் தொழிலுக்கு முதல் எங்கிருந்து வரும், அதன் இழப்பை எவர் ஏற்பார், கூட்டாகத் தொடங்குவோருக்குச் சட்டத்தில் என்ன வடிவம் உண்டு என்பவற்றைப் பிரதேச வங்கியோடும் கூட்டுறவுச் சங்கங்களோடும் அமர்ந்து எழுத்தில் முடிவுசெய்தல் வேண்டும். பரீட்சைப் பகுதிக்கும் ஒரு கடினமான வேலை உண்டு. நான்காம் ஆண்டில் ஒரு குழுவின் தொழில் நொடித்துப்போகுமாயின் அவர்களுக்கு எப்புள்ளி இடுவது? சித்தி, சித்தியின்மை என்ற இரண்டை மட்டுமே அறிந்த நம் பெறுபேற்றுத் தாள்களில் அதற்கென இன்னும் ஒரு நிரல் வகுக்கப்பட வேண்டியுள்ளது.