மடிக்கணினியில் மின்சேமிப்பு நிலைகள்

பேட்டரியில் ஓடும் மடிக்கணினியின் திரை, செயலி, வைஃபை முதலியவை இழுக்கும் மின்சாரத்தைக் குறைக்க இயங்குதளத்தில் உள்ள ஏற்பாடுகளே மின்சேமிப்பு நிலைகள். இன்டெல், மைக்ரோசாஃப்ட், தோஷிபா நிறுவனங்கள் 1996-இல் வெளியிட்ட ஏசிபிஐ விதிமுறை இவற்றுக்கு அடிப்படை.

தமிழ்நாட்டில் இந்த அறிவு வீட்டுக்கு வீடு தேவைப்பட்ட காலம் ஒன்று உண்டு. 2011 செப்டம்பர் 15 அன்று விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கியது. தமிழக அரசு நிறுவனமான எல்காட் கொள்முதல் செய்த கணினிகள் அரசு, அரசு உதவி பெறும் பள்ளி மாணவர்களின் கைக்கு வந்தன. அடுத்த ஆண்டே, சென்னை நீங்கலான மாவட்டங்களில் மின்வெட்டு ஒரு நாளில் 10 மணி நேரத்தையும் தாண்டியது. மின்சேமிப்பைப் பாடமாகவே நடத்தியிருக்க வேண்டிய ஆண்டு அது.

பேட்டரியின் கொள்ளளவு 45 வாட்-மணி என்று வைத்துக்கொள்வோம். கணினி 15 வாட் இழுத்தால் 3 மணி நேரம் ஓடும். 9 வாட்டாகக் குறைத்தால் 5 மணி நேரம். எழுத்து வேலையின்போது அதிகம் இழுப்பது பெரும்பாலும் திரைதான். அதன் வெளிச்சத்தைக் குறைப்பதே கைமேல் பலன் தரும். விண்டோஸ் 10-இன் பேட்டரி சேவர், சார்ஜ் 20 சதவீதத்துக்கு இறங்கியதும் தானாகவே வெளிச்சத்தைக் குறைத்து, பின்னணியில் ஓடும் ஆப்களையும் கட்டுப்படுத்தும். செயலியின் மின்செலவோ மின்னழுத்தத்தின் வர்க்கத்தையும் வேகத்தையும் பொறுத்தது: இரண்டையும் 10 சதவீதம் குறைத்தால் செலவு ஏறக்குறைய 27 சதவீதம் குறையும்.

ஸ்லீப், ஹைபர்னேட் இரண்டையும் பலர் ஒன்றாகவே நினைக்கிறார்கள். ஸ்லீப்பில் நினைவகத்துக்கு மின்சாரம் போய்க்கொண்டே இருக்கும். பேட்டரி தீர்ந்தால் சேமிக்காத வேலை போய்விடும். ஹைபர்னேட் நினைவகத்தில் இருப்பதை வட்டில் எழுதிவிட்டுக் கணினியை அணைத்துவிடும். மறுநாள் திறந்தாலும் விட்ட இடத்திலிருந்தே தொடரலாம். மாதப் பராமரிப்புக்காகப் பகல் முழுக்க மின்சாரம் நிற்கும் ஊர்களுக்கு இதுவே ஏற்றது. விண்டோஸில் பெரும்பாலும் இது மறைந்திருக்கும். கன்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸ் போய், பவர் பட்டனுக்கான பக்கத்தில் ஹைபர்னேட் கட்டத்தில் டிக் போட்டால் பட்டியலில் வந்துவிடும். புதிய மடிக்கணினிகள் சிலவற்றில் ஸ்லீப்பிலும் இணையத் தொடர்பு அறுவதில்லை. அப்படியே பைக்குள் வைத்து மதுரைக்குப் பஸ் ஏறினால், இறங்கும்போது கணினி சுட்டுக்கொண்டிருக்கவும் கூடும்.

மின்சேமிப்பின் இன்னொரு பயன் பேட்டரியின் ஆயுள். இதைச் சொல்லக் காரைக்குடிக்குத் தனி உரிமை உண்டு. வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் தந்ததால் இங்கு அமைந்த மத்திய மின்வேதியியல் ஆய்வகம் 1953-இல் திறக்கப்பட்டது. லித்தியம் அயனி பேட்டரி அதன் முக்கிய ஆய்வுத் துறைகளுள் ஒன்று. இந்த வகை பேட்டரிக்குப் பெரிய எதிரி வெப்பம். முழு சார்ஜும் சேர்ந்துகொண்டால் சேதம் இன்னும் விரைவாகும். சித்திரை, வைகாசி வெயிலில் மெத்தைமேல் வைத்து, எந்நேரமும் சார்ஜரில் செருகியபடி வேலை பார்ப்பது இரண்டையும் ஒருசேரச் செய்வதாகும். கெட்டியான மேசைமேல் வைத்து மின்சேமிப்பு நிலையில் ஓட்டினால் சூடு குறையும். சார்ஜை 80 சதவீதத்தோடு நிறுத்தும் வசதி பல நிறுவனங்களின் கணினிகளில் இருக்கிறது. வீட்டிலேயே வைத்துப் பயன்படுத்துவோர் அதை இயக்கிவைக்கலாம். வெளிநாட்டுக்குக் கிளம்பி வீட்டைப் பல மாதம் பூட்டிவைப்பவர்கள், கணினியைப் பாதி சார்ஜில் முழுவதுமாக அணைத்து, வெயில் படாத உள்ளறையில் வைத்துவிட்டுப் போவது நல்லது.