இருமுறை பிறந்த நூல்

ஒரு நூல் பிறப்பது ஒரு வரலாறு. அது மறைந்தபின் மீண்டும் அச்சேறுவது மற்றொரு வரலாறு. அரேபியாவைப் பற்றிய ஆங்கிலப் பயண நூல்களுள் தலைசிறந்ததாகப் போற்றப்படும் ‘அரேபியா டெசர்ட்டா’வின் வாழ்வில் இவ்விரண்டையும் காண்கிறோம்.

இதன் ஆசிரியர் சார்லஸ் டவுட்டி, 1843இல் ஆங்கிலிக்கன் குருவானவர் ஒருவரின் மகனாக இங்கிலாந்தில் பிறந்தவர். 1876 நவம்பரில், மெக்கா செல்லும் திருப்பயணிகளோடு தமஸ்குவிலிருந்து புறப்பட்டார். மதாயின் சாலிகில் பாறையில் குடையப்பட்ட கல்லறைகளின் கல்வெட்டுகளைப் படியெடுப்பதே அவர்தம் நோக்கம். பின்னர் பெதுயின் மக்களோடு பாலைவனத்தில் அலைந்து, 1878இல் ஜித்தாவை அடைந்தார்.

அவருக்கு முன் அங்குச் சென்ற ஐரோப்பியர் சிலர் இசுலாமியராக வேடம் பூண்டனர். டவுட்டியோ தாம் ‘நஸ்ரானி’, அதாவது கிறிஸ்தவர் என்பதை மறைக்கவில்லை. அதனால் ஊர் ஊராக விரட்டப்பட்டார். உயிருக்கே ஆபத்து நேர்ந்தது. ஆயினும், தம் கூடாரத்தில் இடமளித்துப் பால் கொடுத்தவர்களும், உனைசா நகரில் துணைநின்ற வணிகரும் இசுலாமியரே என்பதையும் அவர் மறைக்கவில்லை.

பதிப்பாளர் சிலர் மறுத்தபின், 1888இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக அச்சகம் இரு தொகுதிகளாக 500 படிகளை வெளியிட்டது. பழமை தோய்ந்த நடையால் வாசகர் சிலரே அதை நாடினர். 1908இல் ஒரு சுருக்கப் பதிப்பு வந்ததெனினும், முழு நூல் கிடைத்தற்கரியதாயிற்று.

1921இல் ஜோனதன் கேப், ரென் ஹோவர்ட் எனும் இருவர் இலண்டனில் ஒரு சிறு பதிப்பகம் தொடங்கினர். தாங்கள் முன்பு பணியாற்றிய மெடிச்சி சங்கத்தோடு இணைந்து, தங்கள் முதல் வெளியீடுகளுள் ஒன்றாக இந்நூலை 500 படிகள் அச்சிட்டனர். டி. ஈ. லாரன்ஸ் முன்னுரை எழுதினார். விலை மிகுதியாயினும் படிகள் விற்றுத் தீர்ந்தன, மறுபதிப்புகள் தொடர்ந்தன. முதுமையில் இதைக் கண்ணுற்ற டவுட்டி 1926இல் மறைந்தார்.

இசுலாத்தைப் பற்றி அவர் எழுதிய கடுஞ்சொற்கள் இன்று நம் உள்ளத்தை நெருடுகின்றன. இசுலாமியரை மதிப்போடு நோக்க இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் நமக்குக் கற்பித்துள்ளது. எனினும், தம்மைப் புண்படுத்திய கைகளோடு தமக்கு உணவிட்ட கைகளையும் பதிவுசெய்த அந்த நேர்மையை நாம் மதிக்கலாமன்றோ?

சந்தையின் கணக்கில் 500 படிகள் அற்பமே. கடுகு விதையும் அத்தகையதே. உண்மைக்குச் சான்று பகரும் நூலுக்கு எழுதுபவர் மட்டும் போதாது. அதை நம்பி அச்சேற்றும் சிறு கரங்களும் வேண்டும். நம்மிடையே உள்ள அத்தகைய கரங்களை நாம் தாங்குகிறோமா?